கண் மருத்துவமனைகளுக்கிடையே தரவுப் பகிர்வு: எதை முதலில் சீர்ப்படுத்துவது?

மருத்துவப் பதிவுப் பிரிவு, மதுரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மருத்துவப் பதிவுகளை மின்னணு முறையில் இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட பிறகு, நோயாளியின் ஒப்புதலைப் பெற்று ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவுகளை அனுப்புவதற்கான பாதை கிடைத்துவிட்டது. அத்திட்டத்தில் நோயாளிக்குத் தரப்படும் ஆபா என்ற 14 இலக்க அடையாள எண்ணை இணைத்துவிட்டால், பழைய மருத்துவமனையின் வெளிநோயாளர் குறிப்பும் மருந்துச் சீட்டும் புதிய மருத்துவமனையின் திரைக்கு வந்துவிடும். ஆனால் எங்களுக்கு இவ்வாறு வந்துசேரும் கண் மருத்துவப் பதிவுகளில் பெரும்பகுதி பி.டி.எஃப். கோப்புகளாகவே இருக்கின்றன. மருத்துவர் அவற்றைத் திறந்து படித்துக்கொள்ளலாம். வலக்கண்ணின் அழுத்தம் சென்ற ஆண்டு எவ்வளவு, இவ்வாண்டு எவ்வளவு என்று இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டும்படி மென்பொருளிடம் கேட்டால் அதனால் முடியாது.

கண் நோய்களில் இந்த ஒப்பீட்டை வைத்துத்தான் சிகிச்சையே தீர்மானிக்கப்படுகிறது. குளுக்கோமாவும் (பார்வை நரம்பு மெல்லச் சிதையும் நோய்) நீரிழிவு விழித்திரை நோயும் ஆயுள் முழுவதும் தொடர்பவை. முகாமில் நோய் கண்டறியப்பட்டவர், பார்வை மையத்தில் சொட்டு மருந்து வாங்கி, தலைமை மருத்துவமனையில் லேசர் செய்துகொண்டு, பிறகு மகன் வேலை பார்க்கும் ஊருக்குக் குடிபெயர்ந்து அங்கே வேறொரு மருத்துவரிடம் காட்டுவது இங்கு அன்றாடம் நடப்பது. அந்த மருத்துவருக்கு இன்றைய அளவு மட்டும் போதாது. நோய் எவ்வளவு வேகமாக முற்றி வந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழித்திரைப் படங்களையும் ஓ.சி.டி. ஸ்கேன்களையும் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் குறுக்குவெட்டாகக் காட்டுபவை) பகிர்வது பற்றியே பெரும்பாலும் பேசப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக்கு அவை தேவைப்படுவதால் அந்த ஆர்வம் இயல்பானதே. எனினும் எந்தக் கண், பார்வைத்திறன், கண்ணழுத்தம், கண்ணாடிப் பவர் ஆகிய நான்கையும் எல்லா மருத்துவமனைகளும் ஒரே முறையில் எழுதாத வரை, படங்களைப் பரிமாறிக்கொள்வதால் நோயாளிக்குப் பெரிய பயன் விளையாது என்று கருதுகிறேன். களத்தில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைக் கொண்டு மறுக்கவோ திருத்தவோ வேண்டும்.

ஆப்டோமெட்ரிஸ்ட், திருச்சி

நல்ல இழை. நான்கில் பார்வைத்திறன்தான் மிகவும் எளிமையாகத் தோன்றுவது. மிகுதியாகக் குழப்பம் நேர்வதும் அதில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. முகாமில் கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது ஒருவருக்கு வலக்கண்ணில் 6/24 (இயல்பான கண் 24 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார்) என்று எழுதுகிறார்கள். மூன்று மாதம் கழித்து மருத்துவமனையில் சரியான கண்ணாடி போட்டுப் பார்த்து 6/9 என்று எழுதுகிறார்கள். இடையில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இரண்டு எண்களும் ‘பார்வை’ என்ற ஒரே கட்டத்தில் விழுந்தால், அறுவை சிகிச்சையால் பார்வை 6/24 இலிருந்து 6/9 ஆக உயர்ந்தது என்று கணினி முடிவு செய்யும். அந்த உயர்வில் கண்ணாடியின் பங்கு எவ்வளவு, அறுவையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிறகு எவராலும் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே வெறுங்கண்ணா, நோயாளியின் சொந்தக் கண்ணாடியா, பின்ஹோல் என்ற சிறு துளை வழியாகவா, முழுத் திருத்தத்துடனா என்பது ஒவ்வோர் எண்ணோடும் ஒட்டியே பயணம் செய்ய வேண்டும்.

அடுத்தது அட்டை. 1862இல் ஸ்னெலென் வகுத்த அட்டைதான் இன்றும் பெரும்பாலான அறைகளில் தொங்குகிறது. அதிலேயே தமிழ் எழுத்து அட்டை, எண் அட்டை, ‘ஈ’ எழுத்தைத் திசை மாற்றி மாற்றிக் காட்டும் அட்டை என்று பல வகைகள் உண்டு. அமெரிக்காவில் 20/20 என்றும் ஐரோப்பாவின் பல நாடுகளில் 1.0 என்றும் எழுதப்படுவது நம்முடைய 6/6தான். அதை மாற்றிக்கொள்வது எளிது. பெய்லியும் லவியும் 1976இல் வெளியிட்ட, பார்வைத்திறனை மடக்கை எண்ணாகக் காட்டும் லாக்மார் முறை இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் பொதுவான அளவுகோலாக இருக்கிறது. 6/6 என்பது 0.00, 6/12 என்பது 0.30, 6/60 என்பது 1.00. ஸ்னெலென் அட்டையில் ‘ஒரு வரி முன்னேற்றம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 6/60 இலிருந்து 6/36க்கு வருவது லாக்மாரில் ஏறத்தாழ 0.22, 6/12 இலிருந்து 6/9க்கு வருவது 0.12தான். இரண்டையும் ‘ஒரு வரி’ என்று எண்ணிக் கூட்டினால் கிடைக்கும் சராசரிக்குப் பொருளே இல்லை.

கடினமான இடம் அட்டைக்கு வெளியே இருக்கிறது. விரல்களை எண்ணுகிறார், கையசைவு தெரிகிறது, வெளிச்சம் மட்டும் தெரிகிறது, வெளிச்சமும் தெரியவில்லை என்று நாம் எழுதுபவற்றுக்கு இயல்பான எண் கிடையாது. ஆய்வாளர்கள் தத்தம் முறைப்படி ஓர் எண்ணைக் கொடுக்கிறார்கள். கையசைவுக்கு ஒருவர் 2.3 என்றும் மற்றொருவர் 3.0 என்றும் கொடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அறுவைக்கு முன் இந்த நிலையில் வருபவர்கள் நம் மருத்துவமனைகளில் ஏராளம் என்பதால், இதை அரிதான விதிவிலக்காக ஒதுக்கிவிட முடியாது.

குளுக்கோமா மருத்துவர், சென்னை

ஆப்டோமெட்ரிஸ்ட் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் துறையிலிருந்து இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

கண்ணழுத்தம் 22 என்று ஒரு பதிவு வருகிறது. கருவிழியைத் தொட்டு அழுத்தத்தை அளக்கும் கோல்ட்மன் டோனோமீட்டரில் எடுத்ததா, காற்றை ஊதும் கருவியில் எடுத்ததா, கையடக்கமான ரீபவுண்டு கருவியில் எடுத்ததா என்பது தெரியாவிட்டால், அடுத்த மாதம் நான் எடுக்கும் 18ஐ அதனோடு ஒப்பிட்டு மருந்து வேலை செய்கிறது என்று கூற எனக்குத் துணிவு வராது. கருவிழியின் தடிமனும் தேவை. தடித்த கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவும் மெலிந்த கருவிழியில் குறைவாகவும் காட்டும். கருவிழி மெலிந்திருப்பது குளுக்கோமா வருவதற்கான அபாயத்தையே முன்னறிவிக்கும் என்பதை 2002இல் வெளியான, கண்ணழுத்தம் உயர்ந்தவர்களைப் பற்றிய அமெரிக்கப் பெருஆய்வு நிறுவியது. அளந்த நேரமும் அப்போது போட்டுக்கொண்டிருந்த சொட்டு மருந்தும் சேர்ந்து வந்தால்தான் அந்த எண்ணை நம்பி நான் முடிவெடுக்க முடியும்.

இரண்டாவது, நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பதை அளக்கும் பார்வைப்புலச் சோதனை. இதில் உள்ள ஆபத்தைத் தரவுத் துறையினர் பலர் கவனிப்பதில்லை. ஹம்ஃப்ரி கருவி தரும் எம்.டி. என்ற அளவு (இயல்பிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகல் என்பது), இழப்பு கூடக்கூடக் கழித்தல் பக்கம் போகும்; −6 என்றால் இழப்பு இருக்கிறது. ஆக்டோபஸ் கருவி அதே எம்.டி. என்ற இரண்டெழுத்துப் பெயரில் இழப்பைக் கூட்டல் எண்ணாகத் தரும். அங்கே +6 என்பதுதான் இழப்பு. ஒரு நோயாளி முதல் மருத்துவமனையில் ஹம்ஃப்ரியிலும் இரண்டாவதில் ஆக்டோபஸிலும் சோதனை செய்துகொண்டு, இரண்டு எண்களும் ஒரே பத்தியில் சேர்க்கப்பட்டால், −6 இலிருந்து +6க்கு வரைபடம் விறுவிறுவென்று மேலேறும். நரம்பு அழிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு நோய் தீர்ந்துவிட்டதாகத் திரை சொல்லும். குறியை மாற்றிவிட்டாலும் சிக்கல் முழுதாகத் தீராது. ஹம்ஃப்ரியின் உச்ச ஒளி 10,000 அபோஸ்டில்பு (ஒளிர்வின் அலகு). ஆக்டோபஸ் கருவிகள் சிலவற்றில் அது 4,000. டெசிபெல் அளவு உச்ச ஒளியிலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிடப்படுவதால், இரண்டிலும் 20 டெசிபெல் என்று எழுதப்பட்டிருந்தாலும் கண் பார்த்த வெளிச்சம் வெவ்வேறாகும்.

ஆகவே கருவியின் பெயரும் சோதனை முறையும் பதிவேட்டில் கட்டாயப் புலங்களாக, அதாவது நிரப்பியே ஆக வேண்டிய கட்டங்களாக, இருக்க வேண்டும். அவை இல்லாமல் வரும் எண்ணை வரைபடத்தில் சேர்க்காமல், குறிப்பாக மட்டும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

மருத்துவ மென்பொருள் உருவாக்குநர், கோவை

இத்தகைய விவாதம் தொடங்கியவுடன் ‘நாமே ஒரு தரத்தை உருவாக்குவோம்’ என்ற யோசனை எழுவது வழக்கம். அது வேண்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

தேவையான அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. மத்திய அரசு 2013இல் மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரங்களை அறிவித்து 2016இல் திருத்தி வெளியிட்டது. நோய்களையும் உடல் உறுப்புகளையும் குறிக்க ஸ்னோமெட் சி.டி., அளவீடுகளைக் குறிக்க லாயின்க், படங்களுக்கு டைகாம் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. ஸ்னோமெட் அமைப்பில் இந்தியா உறுப்பு நாடாக இருப்பதால் நம் மருத்துவமனைகள் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். புனேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தின் தேசிய வள மையம் அதற்கான உரிமத்தையும் வழிகாட்டுதலையும் தருகிறது. ஆபா வழியாகச் செல்லும் பதிவுகள் எச்எல்7 அமைப்பின் ஃபயர் என்ற மருத்துவத் தரவுப் பரிமாற்றத் தரத்தில் கட்டப்படுகின்றன. கண் மருத்துவத்துக்கு ஃபயரை எப்படிப் பயன்படுத்துவது என்று வெளிநாடுகளில் ஒரு குழு தனியாகவே உழைத்து வருகிறது.

பிறகு ஏன் பி.டி.எஃப். வருகிறது? ஃபயர் கட்டமைப்பு, எண்களைத் தனித்தனிப் புலங்களாக அனுப்பவும் இடமளிக்கிறது. ஒரு முழு ஆவணத்தை அப்படியே உள்ளே வைத்து அனுப்பவும் இடமளிக்கிறது. இரண்டாவது வழி எளிது என்பதால் மென்பொருள் நிறுவனங்கள் அதைத் தேர்ந்தெடுக்கின்றன. விதிப்படி அதுவும் பகிர்வாகவே கணக்கிடப்படுகிறது.

‘எந்தக் கண்’ என்பதைப் பற்றி ஒரு சொல். பல மருத்துவமனைகள் நோயறிதலுக்கு ஐசிடி-10 என்ற நோய் வகைப்பாட்டின் குறியீட்டை மட்டும் சேமிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் எச்25 என்றால் முதுமைக் கண்புரை. வலமா இடமா என்பதற்கு அந்தக் குறியீட்டில் இடமே இல்லை. அதை மட்டும் அனுப்பினால், கண்புரை இருக்கிறது என்பது போய்ச் சேரும், எந்தக் கண்ணில் என்பது போய்ச் சேராது.

கண்ணாடிப் பவரில் இதைப் போலவே சிக்கல் தருவது சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் திருத்தும் பவர்) குறி. +1.00 / −2.00 × 90 என்பதும் −1.00 / +2.00 × 180 என்பதும் ஒரே கண்ணாடிதான். கணினி நொடியில் மாற்றிவிடும். ஆனால் கழித்தல் குறி அச்சில் விழாமல் போனாலோ, குறியே இல்லாமல் ‘2.00’ என்று தட்டச்சு செய்யப்பட்டாலோ, எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. ஆகவே குறி இல்லாத பவரை மென்பொருள் ஏற்கவே கூடாது.

ஆப்டோமெட்ரிஸ்ட் நண்பர் எழுப்பிய கையசைவுச் சிக்கலுக்கு என் விடை இது: மருத்துவர் எழுதியது எதுவோ அதை அப்படியே காப்பாற்றுங்கள். லாக்மார் எண்ணை அதன் பக்கத்தில் தனிப் புலமாக வையுங்கள். எந்த முறையால் மாற்றப்பட்டது என்பதையும் குறியுங்கள். மூலத்தை அழித்துவிட்டு மாற்றிய எண்ணை மட்டும் வைத்திருக்கும் தரவுத்தளத்தைப் பிற்காலத்தில் எவராலும் சரிபார்க்க முடியாது.

அரசு மருத்துவமனைக் கண் மருத்துவர்

எல்லோரும் சொல்வது நியாயமே. ஆனால் இவற்றையெல்லாம் யார் உள்ளிடுவது என்ற கேள்வியையும் சேர்த்துப் பேசுங்கள். காலை ஓ.பி. வரிசை கட்டடத்துக்கு வெளியே நிற்கும்போது, ஒரு நோயாளிக்கு இருபது கட்டங்களை நிரப்பு என்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: கட்டங்கள் காலியாக இருக்கும், அல்லது மென்பொருள் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும் ‘இயல்பு’ என்ற சொல் அப்படியே போய்விடும். இரண்டாவது மிக மோசமானது. கண்ணின் முன்பகுதியை எவரும் பார்க்காமலேயே ‘இயல்பு’ என்று ஒரு பதிவு உருவாகி, ஆபா வழியாக வேறு மருத்துவரை அடைந்து, அவர் அதை நம்பவும் கூடும்.

ஆகவே ‘பார்த்தேன், இயல்பாக உள்ளது’, ‘பார்க்கவில்லை’, ‘பார்க்க முயன்றேன், இயலவில்லை’ என்ற மூன்றையும் வேறுபடுத்தும் வசதி ஒவ்வொரு புலத்திலும் வேண்டும். முன்நிரப்பு எதிலும் கூடாது. கண்ணாடிப் பவரைத் தானே அளக்கும் ஆட்டோ ரீஃப்ராக்டர், காற்று டோனோமீட்டர் போன்ற கருவிகள் தரும் எண்களைக் கருவியிலிருந்தே நேராகப் பதிவேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இன்று அவை வெப்பத் தாளில் அச்சாகி ஓ.பி. சீட்டில் ஒட்டப்படுகின்றன, சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடுகிறது. தட்டச்சுச் சுமையைக் குறைக்காத எந்தத் தரமும் அரசு மருத்துவமனையில் நிலைக்காது.

உயிர்மருத்துவப் பொறியாளர், சேலம்

மருத்துவர் கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். இழையைத் தொடங்கியவர் படங்களைப் பின்னுக்குத் தள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வாசல் கருவி கொள்முதல்.

டைகாம் தரத்தில் கண்ணுக்கென்றே தனிப் பகுதிகள் பல ஆண்டுகளாக உள்ளன. விழித்திரைப் படம், ஓ.சி.டி., பார்வைப்புலம், ஆட்டோ ரீஃப்ராக்ஷன், கருவிழி வளைவு, பார்வைத்திறன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வடிவம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கண் என்பது அந்த வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் விற்பனையாளரிடம் ‘டைகாம் உண்டா’ என்று கேட்டால் எல்லோரும் ‘உண்டு’ என்பார்கள். அந்த விடையோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் டைகாம் இணக்க அறிக்கை என்ற ஆவணம் ஒன்று உண்டு. அதை வாங்கி, கருவி எந்தெந்த வகைப் பொருள்களை வெளியே அனுப்புகிறது என்ற அட்டவணையைப் பாருங்கள். ஓ.சி.டி. கருவியில் கண் டோமோகிராஃபிக்கு (அடுக்குப் படத்துக்கு) உரிய வகை இருந்தால் ஸ்கேனின் எல்லா அடுக்குகளும் வெளியே வரும். உறையிட்ட பி.டி.எஃப். மட்டும் இருந்தால், டைகாம் என்ற பெயரில் வெறும் அறிக்கைத் தாள்தான் வரும். திரைப்பிடிப்பு வகை மட்டும் இருந்தாலும் அதே கதிதான்.

இந்தக் குறையைச் சுட்டி, கருவி உற்பத்தியாளர்கள் அனைவரும் டைகாம் தரத்தை முழுமையாகப் பின்பற்ற வேண்டும் என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி 2021இல் பரிந்துரை வெளியிட்டது. பரிந்துரையால் மட்டும் சந்தை மாறாது; வாங்குபவர் நிபந்தனை வைத்தால் மாறும். நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கான கருவிகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. அந்த ஒப்பந்தப்புள்ளியின் தொழில்நுட்பக் குறிப்பில் ‘இணக்க அறிக்கையில் இன்னின்ன வகைகள் இருக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கூடாது’ என்று இரண்டு வரி சேர்த்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை அதன் பலன் போய்ச் சேரும். தனியார் அறக்கட்டளை மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து இதே நிபந்தனையை வைத்தால் இன்னும் வலு கூடும்.

ஓ.சி.டி. எண்களிலும் எச்சரிக்கை தேவை. விழித்திரையின் கீழ் எல்லையை எந்த அடுக்கில் கோடு போட்டுக் கணக்கிடுவது என்பதில் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு. அதனால் ஒரே கண்ணை ஒரே நாளில் சிர்ரஸ், ஸ்பெக்ட்ராலிஸ் என்ற இரு ஓ.சி.டி. கருவிகளிலும் எடுத்தாலும் தடிமன் வேறாகத்தான் வரும். கண்ணுக்குள் ஊசி போட்ட பிறகு விழித்திரை வீக்கம் வடிந்ததா என்பதைக் கருவி மாறிய பின் எண்ணை வைத்து முடிவு செய்வது தவறு. மூல ஸ்கேனைப் பார்க்க வேண்டும். அதனால்தான் படங்களும் முதல் கட்டத்திலேயே வேண்டும் என்கிறேன்.

நோயாளியின் மகள், தஞ்சாவூர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை; என் தாயாரைப் பல ஆண்டுகளாகக் கண் மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்பவள். பழைய மருத்துவமனையில் ஸ்கேன் கேட்டபோது கறுப்பு வெள்ளையில் அச்சடித்த ஒரு தாளைத் தந்தார்கள். புதிய மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு மீண்டும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். செலவு எங்களுடையது. அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாளில் பார்க்க எதுவும் இல்லை.

இரண்டு கேள்விகள். அம்மாவின் பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னால் வைத்தும், இன்னோரிடத்தில் பின்னால் வைத்தும், மூன்றாவது இடத்தில் தாத்தாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயராக்கியும் பதியப்பட்டிருக்கிறது. ஆபா எண் வாங்குவதற்கு முந்தைய பதிவுகளை எல்லாம் எப்படி ஒன்றுசேர்ப்பார்கள்? அடுத்தது, ஒரு முறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் எல்லாமே எல்லோருக்கும் போய்விடுமா?

மருத்துவ மென்பொருள் உருவாக்குநர், கோவை

சகோதரி, ஒப்புதல் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். ஆபா முறையில் யார் கேட்கிறார்கள், எந்த நோக்கத்துக்கு, எந்த வகைப் பதிவுகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அந்த ஒப்புதல் எப்போது காலாவதியாகும் என்பவை எல்லாம் கோரிக்கையிலேயே இருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் நீங்கள் அனுமதிக்கிறீர்கள். பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை இடம்பெற்றுள்ளது.

ஆராய்ச்சிக்காகப் பெயர் நீக்கித் தரப்படும் படங்களைப் பற்றி ஒரு கூடுதல் எச்சரிக்கை. கோப்பின் தலைப்பகுதியில் பெயரை அழித்தாலும், படத்தின் மூலையில் பெயரும் பதிவு எண்ணும் எழுத்தாகவே பதிந்திருப்பதுண்டு. விழித்திரை இரத்தக்குழாய்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், விழித்திரைப் படத்தை முற்றிலும் அடையாளமற்றது என்று கருதுவதும் சரியாகாது. மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்கள் இதை மனத்தில் வைத்தே அனுமதி தர வேண்டும்.

பழைய பதிவுகளை ஒன்றுசேர்ப்பது உண்மையிலேயே கடினம். பெயரை மட்டும் வைத்து இணைக்கவே கூடாது. ஒரே கைப்பேசி எண்ணைக் குடும்பம் முழுவதும் கொடுத்திருப்பதால் அதுவும் போதாது. பழைய மருத்துவமனைக்கு அம்மாவுடன் அடுத்த முறை போகும்போது, பழைய பதிவு எண் எழுதிய அட்டையைக் காட்டி அங்கேயே ஆபா எண்ணுடன் இணைக்கச் சொல்லுங்கள். அங்குள்ள பழைய பதிவுகளும் அந்த இணைப்பில் சேரும்.

மருத்துவப் பதிவுப் பிரிவு, மதுரை (இழையைத் தொடங்கியவர்)

பொறியாளரின் வாதத்தை ஏற்கிறேன். கொள்முதல் நிபந்தனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால் எண்களை இன்றே தொடங்கலாம். படங்களுக்கான நிபந்தனையை அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலிருந்து இணையாகக் கொண்டுபோகலாம். ஒரே நிறுவனத்துக்குள் இது இயலும் என்பதற்குச் சான்று இருக்கிறது. எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் 2010 முதல் தன் சொந்த மின்னணுப் பதிவேட்டை வளர்த்து, கிராமப்புறப் பார்வை மையங்கள் வரை கொண்டு சென்றிருக்கிறது. இனி நிறுவனங்களுக்கிடையே அதைச் செய்ய வேண்டும்.

பார்வைத்திறனுக்கு மட்டும் ஒரு வரைவை இங்கே முன்வைக்கிறேன். கண்: வலம், இடம் அல்லது இரண்டும் சேர்ந்து. திருத்தம்: வெறுங்கண், சொந்தக் கண்ணாடி, பின்ஹோல், முழுத் திருத்தம். பார்வை வகை: தூரம் அல்லது கிட்டம். அட்டை வகையும் அட்டையின் தொலைவும். மருத்துவமனையில் எழுதப்பட்ட மூல அளவு, எழுதப்பட்டபடியே. மாற்றிய லாக்மார் எண், மாற்றிய முறை. பார்க்கவில்லை என்றால் அதற்கான காரணம். திருத்தமும் அட்டையும் ஓர் அறைக்குள் பெரும்பாலும் மாறாதவை என்பதால், திருத்தத்தையும் அட்டை வகையையும் தொலைவையும் அறையின் அமைப்பில் ஒரு முறை பதிந்துவிட்டால் ஓ.பி. நேரத்தில் மீண்டும் உள்ளிட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனை மருத்துவரின் கவலைக்கு இது ஓரளவு விடையாகும் என நம்புகிறேன்.

ஆப்டோமெட்ரிஸ்ட், திருச்சி

வரைவு நன்றாக வந்திருக்கிறது. மூன்று திருத்தங்கள். அட்டை அறைக்கு உரியது என்பது சரி; திருத்தம் அப்படியல்ல, ஒரே நோயாளிக்கு ஒரே அமர்வில் மூன்று முறை மாறும். அதை அறை அமைப்பில் வைத்தால் நான் முதலில் சொன்ன 6/24 குழப்பமே திரும்ப வரும். ஒவ்வோர் அளவுடனும் அதைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். இரண்டாவது, ‘6/12 பகுதி’ என்று எழுதுவதற்குப் பதிலாக எத்தனை எழுத்துகள் தவறின என்று எண்ணாகக் கேளுங்கள். ஒரு வரிக்கு ஐந்து எழுத்து உள்ள லாக்மார் அட்டையில் ஓர் எழுத்துக்கு 0.02 என்று கணக்கிடலாம். ஸ்னெலென் அட்டையில் வரிக்கு வரி எழுத்து எண்ணிக்கை மாறுவதால் அங்கே இந்தக் கணக்கைச் செய்யாமல் மூலத்தை மட்டும் வையுங்கள். மூன்றாவது, கண்பாப்பா விரியும் சொட்டு போட்ட பிறகு எடுத்த அளவா என்பதற்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்; பின்ஹோல் அளவுக்கும் கிட்டப் பார்வைக்கும் அது இல்லாமல் பொருள் கொள்ள முடியாது. சேர்த்துவிட்டு மீண்டும் இங்கேயே பதியுங்கள்; எங்கள் ரீஃப்ராக்ஷன் அறையில் சில நாள் காகிதத்திலேயே நிரப்பிப் பார்த்து, எந்தக் கட்டம் காலியாக விடப்படுகிறது என்று சொல்கிறேன்.